தஞ்சாவூர் நான்கு வீதிக்குள் குடிவருகிறவர்களுக்கு

தஞ்சாவூருக்கு மாற்றலாகி வருகிறவர்கள் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கமோ நாஞ்சிக்கோட்டைச் சாலைப் பக்கமோ புது நகர்களில் வீடு பார்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மேலவீதி, வடக்குவீதி, கீழவீதி, தெற்குவீதி ஆகிய நான்கு ராஜவீதிகளிலோ அவற்றின் சந்துகளிலோ குடிவர யோசிக்கிறவர்களை, "கார் நிறுத்த இடம் கிடையாது, ஓயாத சத்தம், வீடெல்லாம் பழசு" என்று யாராவது பயமுறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மூன்றுமே ஓரளவு உண்மைதான். ஆனால் பால், பூ, காய்கறி, தையல்காரர், மருந்துக்கடை, ஐந்தாறு கோயில், பிள்ளைகளுக்குப் பாட்டு வாத்தியார் எல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டு போகிற தூரத்தில் வேண்டும் என்றால் இந்த ஊரில் வேறு இடம் இல்லை. வருவதென்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு, எதை முதலில் செய்வது, எதைக் கவனிப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் திசை

வீடு பார்க்கும் முன்பே ஒரு காலை வேளையில் நான்கு வீதிகளையும் நடந்தே சுற்றிவிடுங்கள். வண்டியில் சுற்றினால் ஒன்றும் பிடிபடாது. தென்மேற்கு மூலையில் பெரியகோயில். அங்கிருந்து வடக்கே போவது மேலவீதி. அரண்மனையும் சரசுவதி மகால் நூலகமும் கீழவீதியில். இவற்றுக்கு வெளியே, பழைய கோட்டை மதிலையும் அகழியையும் ஒட்டி ஓடும் தெருக்கள்தான் கீழ அலங்கம், வடக்கு அலங்கம், மேல அலங்கம், தெற்கு அலங்கம். கீழ அலங்கத்தைத் தாண்டினால் கீழவாசல். தெற்கே பழைய பேருந்து நிலையம், காந்திஜி சாலை, அதைத் தாண்டி ரயிலடி. வடக்கே கொடிமரத்து மூலை வழியாகப் போனால் கரந்தை, வெண்ணாற்றங்கரை.

ஒரு காலத்தில் இது முழுக்கக் கோட்டைக்குள் இருந்த ஊர். நாயக்கர்கள் கட்டியதன் மேல் மராட்டியர்கள் கட்டினார்கள். அரண்மனையில் வேலை பார்த்தவர்கள், பாடியவர்கள், ஆடியவர்கள், கணக்கெழுதியவர்கள், கத்தி செய்தவர்கள், சமைத்தவர்கள் எல்லோரும் அரண்மனையைச் சுற்றிக் குடியிருந்தார்கள். 1855இல் கடைசி மன்னர் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்து அரசு போன பிறகும் ஜனம் போகவில்லை. குதிரைக்கட்டித் தெரு, நாணயக்காரச் செட்டித் தெரு, அய்யங்கடைத் தெரு என்று பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் யார் யார் எங்கே இருந்தார்கள் என்பது பாதி புரிந்துவிடும்.

ஒரு நடைமுறைச் சிக்கலை இப்போதே சொல்லிவிடுகிறேன். இங்கே கதவு எண்ணை நம்பி யாரும் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. பழைய எண், புதிய எண் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும். சில வீடுகளில் மூன்றாவதாக ஒன்றும் எழுதியிருக்கும். கூரியர்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் பக்கத்துக் கோயிலின் பெயரைச் சொல்லுங்கள். "மூலை அனுமார் கோயிலிலிருந்து இத்தனையாவது வீடு" என்றால் வந்துவிடுவார்கள்.

வீடு பார்ப்பது

இங்கே வாடகை வீடு நான்கு விதமாகக் கிடைக்கும். முழுப் பழைய வீடு, அதையே முன்கட்டு பின்கட்டு என்று பிரித்தது, பழைய வீட்டின் மேல் போட்ட மாடி, கடைக்கு மேலே இருக்கும் போர்ஷன். பழைய வீடென்றால் திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லை என்று ரயில்பெட்டி மாதிரி நீளமாகப் போகும். அகலம் இருக்காது. பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் ஒரே சுவர். அவர்கள் வீட்டில் தேங்காய் துருவுவது உங்கள் கூடத்தில் கேட்கும். நீங்கள் சண்டை போடுவதும் அங்கே கேட்கும். இதற்கு மனம் ஒப்பாதவர்கள் முன்கட்டை விட்டுவிட்டு மாடி பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வீடு பார்க்க முடிந்தால் நல்லது. வடகிழக்குப் பருவமழை அடிக்கும்போது நாட்டு ஓடு எங்கே ஒழுகுகிறது, முற்றத்துத் தண்ணீர் எந்த வழியாகத் தெருவுக்குப் போகிறது, சுவர் எவ்வளவு உயரத்துக்கு ஓதம் காக்கிறது என்று மழையே காட்டிவிடும். வெயில் காலத்தில் பார்த்தால் எல்லா வீடும் அரண்மனைதான். அந்தச் சமயத்தில் பார்க்க நேர்ந்தால் சுண்ணாம்பு புதிதாக அடித்த சுவரைச் சந்தேகப்படுங்கள். உத்தரத்தில் கரையான் இருக்கிறதா என்று ஒரு குச்சியால் குத்திப் பார்ப்பதை வீட்டுக்காரர் தப்பாக நினைக்கமாட்டார். நினைத்தால் அந்த வீடு வேண்டாம்.

அடுத்து, மீட்டர். மின் மீட்டர் தனியாக இருக்கிறதா, பக்கத்து போர்ஷனோடு பொதுவா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். பொது மீட்டர் என்றால் மானிய யூனிட்டை யார் அனுபவிப்பது என்பதில் தொடங்கி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பஞ்சாயத்துதான். குழாய்த் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், மோட்டார் யாருடையது, கழிவுநீர் அடைத்துக்கொண்டால் யார் ஆள் கூப்பிடுவது, இதையெல்லாம் வீட்டுக்காரரிடம் கேட்பதைவிடப் பின்கட்டில் இருக்கும் அம்மாவிடம் கேளுங்கள். அவர் சொல்வதுதான் நடப்பு.

முன்பணம் பற்றி: தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். நடைமுறையில் பலர் பத்து மாத வாடகை கேட்பார்கள். பேசிப் பார்க்கலாம், குறைப்பார்கள். ஒத்திக்கு வீடு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒத்தி என்றால் பெரிய தொகை கைமாறும். மனை யாருடையது என்பதைப் பார்க்காமல் அதில் இறங்கவே கூடாது.

இந்த மனை விஷயம் உள்நகரத்துக்கே உரியது. அரண்மனை தேவஸ்தானத்துக்கு மட்டும் 88 கோயில்கள். நான்கு வீதிகளில் நீங்கள் பார்க்கும் சின்னச் சின்னக் கோயில்களில் பல அந்தக் கணக்கில் வருபவை. கோயில் மனையில் கட்டிய வீடுகளும் உண்டு. வீடு ஒருவருடையது, அடிமனை சாமியுடையது. வாடகைக்கு இருப்பவருக்கு இதனால் உடனே தொல்லை ஒன்றும் இல்லை. ஒத்தி, கிரயம் என்று போனால்தான் வினை. அகழிக் கரையை ஒட்டிய வீடென்றால் இன்னும் ஜாக்கிரதை. மேல அலங்கம், வடக்கு அலங்கம் பக்கம் அகழியை ஒட்டிப் பல காலமாக இருந்த வீடுகள் ஸ்மார்ட் சிட்டி வேலைகளின்போது எடுக்கப்பட்டன.

பெரியகோயிலுக்குப் பக்கத்தில் வாங்கவோ இடித்துக் கட்டவோ நினைப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கட்டக்கூடாது. அதற்கடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். பெரியகோயில் மட்டும்தான் அப்படி என்று நினைத்துவிடாதீர்கள். சிவகங்கைப் பூங்காவுக்குள் இருக்கும் 1779ஆம் ஆண்டு சுவார்ட்ஸ் தேவாலயமும் பாதுகாக்கப்பட்ட சின்னம்தான்.

யார் யார் இருக்கிறார்கள், யாரை எப்படி அழைப்பது

ஒரே சந்தில் நான்கைந்து மொழி கேட்கும். மராத்தி பேசும் குடும்பங்கள் மூன்று நூற்றாண்டுக்கு மேலாக இங்கேயே இருப்பவர்கள். அவர்கள் பேசும் மராத்தி புனேயிலிருந்து வருகிறவருக்கே சட்டென்று விளங்காது. தெலுங்கு பேசும் நாயுடு, ராஜு வீடுகள் உண்டு. தஞ்சாவூர் ஓவியத்தில் ராஜுக்கள் பேர்போனவர்கள். மானம்புச்சாவடிப் பக்கம் பட்டு நெய்யும் சௌராஷ்டிரர்கள். உருது பேசும் முஸ்லிம் குடும்பங்களும் வீட்டிலேயே தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பங்களும் இருக்கின்றன. எல்லா பாய் வீட்டிலும் உருது என்று நினைத்துக்கொண்டு பாதி இந்தியில் ஆரம்பிக்காதீர்கள், சிரிப்பார்கள். அடகுக் கடை, பாத்திரக் கடை வைத்திருக்கும் மார்வாடிகளில் பலர் இங்கேயே பிறந்து நம்மைவிட நன்றாகத் தஞ்சாவூர்த் தமிழ் பேசுகிறவர்கள். கரந்தையில் தமிழ்ச் சமணர்களுக்கு ஆதீசுவரர் கோயில் இருக்கிறது. கிறிஸ்தவர்களுக்குச் சுவார்ட்ஸ் காலத்துப் பாரம்பரியம். சிவகங்கைப் பூங்கா தேவாலயத்தைக் கட்டுவித்த அந்த ஜெர்மன் பாதிரியார் மன்னர் சரபோஜிக்குக் காப்பாளர் மாதிரி இருந்தவர்.

இசை இந்த எல்லா வரப்பையும் தாண்டிப் போயிருக்கிறது. மேலவீதியில் பங்காரு காமாட்சி கோயிலைப் பார்ப்பீர்கள். காஞ்சிபுரத்திலிருந்து கொண்டுவந்த தங்கக் காமாட்சி. அதன் பூசை செய்த குடும்பத்தில் வந்தவர்தான் சியாமா சாஸ்திரி. தமிழ் ஊரில் இருந்துகொண்டு, மராட்டிய அரசின் காலத்தில், பெரும்பாலும் தெலுங்கில் பாடினார். பரதநாட்டியக் கச்சேரியின் வரிசையை அமைத்த தஞ்சை நால்வர், சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு, இதே மேலவீதிக்காரர்கள். தமிழிசையை ஆராய்ந்த ஆபிரகாம் பண்டிதர் கிறிஸ்தவர், சித்த வைத்தியர். அவர் பேரில் ஊரில் ஒரு சாலை இருக்கிறது. பிள்ளைக்குப் பாட்டோ வீணையோ கற்றுக்கொடுக்க நினைத்தால் விளம்பரம் பார்க்கவே வேண்டாம். காப்பிக் கடையில் விசாரியுங்கள்.

அழைக்கும் முறை: வயதான பெண்கள் எல்லோரையும் "மாமி" என்று அழைத்துவிடாதீர்கள். அது சில வீடுகளுக்குத்தான். "அம்மா" எங்கும் செல்லும். கடைக்காரர்களை "அண்ணே". முஸ்லிம் பெரியவர்களை "பாய்" என்பது வழக்கம்தான், யாரும் தப்பாக எடுப்பதில்லை. "சேட்டு கடை" என்று கடையைச் சொல்லலாம், ஆளைக் கூப்பிட "அண்ணே" போதும். தூய்மைப் பணிக்கு வருகிறவர்களை இந்த வீதியில் இன்னமும் சிலர் வா, போ என்று அழைக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். "அக்கா", "அண்ணே" என்று கூப்பிடுங்கள். என்ன சாதி என்று உங்களிடம் நேராகவே கேட்பார்கள், அல்லது "எந்த ஊரு, எந்தத் தெரு" என்று சுற்றிக் கேட்பார்கள். ஊரையும் வேலையையும் மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினால் போதும். இரண்டாவது முறை கேட்கமாட்டார்கள்.

வாசல்

இந்த வீதிகளில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை வாசலை வைத்துத்தான். பத்திரத்தில் வாசல் உங்களுடையது இல்லை, மாநகராட்சியுடையது. ஆனால் விடிகாலையில் தெளித்துக் கோலம் போடுவது உங்கள் வீட்டுப் பொறுப்பு. பத்து மணிக்கு எதிர்க் கடைக்கு வரும் வாடிக்கையாளர் அங்கே வண்டியை நிறுத்துவார். மாலையில் பூக்காரம்மாவின் கூடை. ராத்திரியில் பக்கத்து வீட்டுப் பையனின் பைக். சாமி புறப்பாடு என்றால் எல்லாரும் எடுத்துவிட வேண்டும்.

ஆகவே குடிவந்த முதல் வாரத்தில் "நோ பார்க்கிங்" பலகை மாட்டாதீர்கள். செடித்தொட்டி, கல், பழைய நாற்காலி வைத்து இடம் பிடிப்பதும் வேண்டாம். முதலில் யார் யார், எந்த நேரத்தில் அந்த இடத்தை வைத்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு உங்களுக்கு எந்த நேரம் கட்டாயம் வேண்டுமோ அதை மட்டும் கேட்டு வாங்குங்கள். "அண்ணே, காலையில எட்டரைக்கு ஸ்கூல் வேன் வரும், அந்த நேரம் மட்டும் விட்டுக்கொடுங்க" என்றால் ஆளே இல்லாத நாளிலும் அந்த இடம் காலியாக இருக்கும். முழு நாளும் வேண்டும் என்றால் ஒரு நிமிஷம் கூடக் கிடைக்காது.

கார் வைத்திருப்பவர்கள் வீட்டு வாடகையோடு நிறுத்துமிட வாடகையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீதிக்கு வெளியே காலி மனையில் மாத வாடகைக்கு நிறுத்தவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே கார் கொண்டுவருவதே வீண் என்பது என் கட்சி. இரண்டு சக்கர வண்டியை ரேழியில் ஏற்ற ஒரு சாய்பலகை போட்டுக்கொள்ளுங்கள். திருட்டுப் பயமும் இல்லை, வாசலும் மிச்சம்.

திண்ணை இருக்கும் வீடு கிடைத்தால் அதற்குக் கம்பி போட்டு மூடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரியவர்கள் சாயங்காலம் வந்து உட்காருவார்கள். ஒரு மாதம் உட்கார விட்டால் பிளம்பர் யார், எந்தப் பால்காரர் தண்ணீர் கலக்காதவர், எந்த டாக்டர் தேவையில்லாமல் ஸ்கேன் எழுதாதவர் என்ற தகவல் எல்லாம் கேட்காமலேயே வந்து சேரும். கூடவே உங்களைப் பற்றிய தகவலும் வெளியே போகும். அதைத் தடுக்க முடியாது.

பக்கத்தில் பட்டறை இருந்தால் அதன் வேலை முறையைத் தெரிந்துகொள்வது நல்லது. கலைத்தட்டு செய்கிற வீட்டில் நாள் முழுதும் சின்னச் சுத்தியல் தட்டிக்கொண்டிருக்கும். வீணைப் பட்டறை என்றால் பலாமரத் தூள், துணி காயப்போடும் இடத்தை மாற்றுங்கள். தஞ்சாவூர் ஓவியம் செய்கிற வீட்டுக்குள் தங்க ரேக்கு ஒட்டும் நேரத்தில் போனால் கதவைச் சட்டென்று திறக்காதீர்கள். காற்றில் ரேக்கு பறந்துவிடும் என்று மின்விசிறியைக் கூடப் போடாமல் வேர்த்து வழிய உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்

விடிகாலை ஐந்துக்குள் பால் வந்துவிடும். மார்கழி என்றால் அதற்கும் முன்பே ஒலிபெருக்கி. பாங்கும் அதே வாக்கில். ஞாயிறு தேவாலய மணி. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று விதி இருக்கிறது. யாரும் புகார் கொடுத்து ஜெயித்து நான் பார்த்ததில்லை. தெருப்பக்க அறையில் படுக்காமல் கூடத்திலோ பின்கட்டிலோ படுங்கள், தீர்ந்தது.

காய்கறிக்கு அரண்மனை ஓரமாக இருக்கும் காமராஜர் மார்க்கெட்டுக்குப் போங்கள். காலையில் சீக்கிரம் போனால் சுற்று வட்டார கிராமத்துக் கீரையும் வாழையும் கிடைக்கும். நாஞ்சிக்கோட்டைச் சாலை உழவர் சந்தை விலை குறைவு, ஆனால் வண்டி வேண்டும். மீனுக்கும் கறிக்கும் கீழவாசல். மீன் நாகப்பட்டினம், மல்லிப்பட்டினம் கரைகளிலிருந்து வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குப் போய்க் கறிக்கடையில் நிற்பது வீண், ஏழுக்குள் முடித்துவிடுங்கள். பூ மொத்தமாக வேண்டும் என்றால் பூக்காரத் தெரு. சைவ வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள் மீன் சமைப்பதைப் பற்றி வீட்டுக்காரரிடம் முதலிலேயே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். பிறகு ஒளித்துச் சமைப்பது மரியாதைக் குறைவு, தவிர மீனை ஒளிக்கவும் முடியாது.

கடைகளில் கூட்டம் வயலைப் பார்த்து ஏறி இறங்கும். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்தால் அடகுக் கடைகளில் நகை உள்ளே போகும். விதைக்கும் உழவுக்கும் அதுதான் முதல். தை, மாசியில் சம்பா அறுத்து நெல் விற்ற காசு வந்ததும் நகை வெளியே வரும், பாத்திரக் கடையிலும் ஜவுளிக் கடையிலும் கிராமத்து ஜனம் நிற்கும். அந்த மாதங்களில் அய்யங்கடைத் தெருவுக்குள் வண்டியோடு போகாதீர்கள். பேரம் பேசுவதற்கு ஆடிக்கு முந்தைய வாரங்கள் நல்லது, கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்கும்.

நோன்பு மாதத்தில் பிற்பகலுக்கு மேல் பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றுவார்கள். எல்லாச் சாதிக்காரர்களும் தூக்குவாளியோடு போவது வழக்கம். கூச்சப்படாமல் போங்கள். பாத்திரம் மட்டும் சொந்தமாகக் கொண்டுபோக வேண்டும்.

வீதி உங்களுடையதாக இல்லாத நாட்கள்

ஒரு தினசரி நாள்காட்டியை வாங்கிக் குடிவந்த அன்றே சில நாட்களைக் குறித்துவிடுங்கள். அந்த நாட்களில் வீடு மாற்றுவது, மணல் இறக்குவது, ஆஸ்பத்திரிக்கு நாள் வாங்குவது எல்லாம் கூடாது.

சித்திரையில் பெரியகோயில் தேர். சுமார் நூறாண்டு ஓடாமலிருந்து புதுத் தேர் செய்து 2015இல் மறுபடி ஓடத் தொடங்கியது. மேலவீதி நிலையிலிருந்து கிளம்பி நான்கு வீதியையும் சுற்றி வரும். வழியில் ஒவ்வொரு கோயில் முன்பும் நிற்கும். அன்று காலை முதல் தேர் நிலைக்கு வரும்வரை உங்கள் வண்டி வெளியே வராது, மின்சாரமும் இருக்காது. முதல் நாளே வண்டியை வீதிக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்துங்கள், தொட்டியை நிரப்பி வையுங்கள், கைபேசியைச் சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள். மின்சாரத்தை நிறுத்துவதைப் பற்றி இங்கே யாரும் முணுமுணுப்பதில்லை. 2022 ஏப்ரலில் பக்கத்துக் களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்துபோனார்கள்.

வைகாசியில் இரண்டு பெரிய விழாக்கள். ஒன்று முத்துப்பல்லக்கு. திருஞானசம்பந்தர் குருபூசையை ஒட்டிப் பல கோயில்களின் பல்லக்குகள் மின்விளக்கு அலங்காரத்தோடு வீதி வீதியாக வரும், விடியும்வரை நாதசுரம் கேட்கும். தூங்க நினைக்காதீர்கள். மற்றொன்று கருடசேவை. வெண்ணாற்றங்கரைப் பெருமாள்களும் உள்நகரத்துப் பெருமாள்களுமாக இருபதுக்கும் மேற்பட்ட மூர்த்திகள் கருட வாகனத்தில் வரிசையாக ராஜவீதிகளில் வருவார்கள். இதுவரை நீங்கள் கதவடைத்தே பார்த்த சின்னக் கோயிலின் பெருமாள் கூட அன்றைக்கு உங்கள் வாசலுக்கு வருவார். வீட்டு முன்னால் தட்டோடு நிற்கிறவர்களுக்கு நின்று தீபாராதனை காட்டுவார்கள். வேறு நம்பிக்கை உள்ளவர்கள் நிற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வண்டியை எடுத்து வழிவிட்டால் போதும்.

ஆடிப் பதினெட்டுக்குப் பெண்கள் புதுஆற்றுப் படித்துறைக்குப் போவார்கள். கல்லணைக் கால்வாயைத்தான் இங்கே புதுஆறு என்பார்கள், 1934இல் வெட்டி முடித்தது என்பதால் இன்னும் அது புதுசுதான். ஆவணி ஞாயிறுகளில் புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலுக்கு மஞ்சள் உடுத்தி நடக்கிறவர்களால் கீழவாசல் பக்கம் நிரம்பும். ஐப்பசியில் ராஜராஜனின் சதயவிழா, யானைமேல் திருமுறையை வைத்து ஓதுவார்கள் பாடிக்கொண்டு வீதி வருவார்கள். தீபாவளிக்கு முந்தைய பத்து நாள் தெற்கு அலங்கமும் காந்திஜி சாலையும் நடப்பதற்கே ஆகாது. தையில் திருவையாறு ஆராதனை சமயத்தில் உறவினர்கள் "ரெண்டு நாள் தங்கிக்கிறோம்" என்று கூப்பிடுவார்கள், தலையணை தயாராக இருக்கட்டும்.

சாவும் கல்யாணமும்

பறைச் சத்தமோ சங்கோ கேட்டால் எந்த வீடு என்று முதலில் விசாரியுங்கள். நான்கு வீடு தள்ளி என்றாலும் அன்று வாசலில் பெரிய கோலம் வேண்டாம், பாட்டுச் சத்தம் வேண்டாம். எடுக்கும்வரை பக்கத்துக் கோயிலில் நடை திறக்கமாட்டார்கள், கடைக்காரர்கள் பாதி ஷட்டரை இறக்கியிருப்பார்கள். பழக்கமே இல்லாத வீடாக இருந்தாலும் போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள். எதுவும் பேச வேண்டியதில்லை. கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று மட்டும் சொல்லக்கூடாது, சொல்லாமல் வந்துவிட வேண்டும். முஸ்லிம் வீட்டில் அன்றைக்கே அடக்கம் செய்துவிடப் பார்ப்பார்கள், ஆகவே மாலையில் போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஆண்கள் உடலைச் சுமந்து போகும் சந்தூக்கோடு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருவதை அவர்கள் மறக்கமாட்டார்கள். அன்று வாசலில் நாற்காலி போட உங்கள் இடத்தையும் கேட்பார்கள். கேட்கும் முன்பே வண்டியை எடுத்துவிட்டால் ஒரு வருஷத்துப் பழக்கம் ஒரே நாளில் வந்துவிடும்.

கல்யாணம் என்றால் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைப்பார்கள். போக முடியாவிட்டாலும் மொய்யைக் கொடுத்தனுப்புவது டெல்டா வழக்கம். மொய் எழுதுகிறவர் பெயரோடு ஊரையும் கேட்பார். சொந்த ஊரைச் சொல்லிவிடாதீர்கள், தெருப் பெயரைச் சொல்லுங்கள். நாளை உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அந்த நோட்டைப் புரட்டித்தான் திருப்பிச் செய்வார்கள்.

சில்லறைச் சங்கதிகள்

ஆட்டோவில் ஏறுமுன் கூலியைப் பேசுங்கள். டவுன் பஸ்ஸுக்குப் பழைய பேருந்து நிலையம், திருச்சி போன்ற வெளியூருக்குப் புதிய பேருந்து நிலையம், இரண்டும் ஒன்றுக்கொன்று தூரம், மாற்றிப் போய்விடாதீர்கள். பிரசவம், குழந்தை மருத்துவம் என்றால் அரசுத் தரப்பில் பழைய பேருந்து நிலையம் அருகே ராசா மிராசுதார் மருத்துவமனை நடக்கிற தூரம். மற்றதற்கு மருத்துவக் கல்லூரி. குப்பையை மக்குவது, மக்காதது என்று பிரித்துக் கையிலேயே கொடுங்கள். வாசலில் வைத்தால் மாடு பார்த்துக்கொள்ளும், அப்புறம் நீங்கள்தான் கூட்ட வேண்டும். குளத்தைச் சீரமைத்துத் தண்ணீர் விட்ட பிறகு அய்யன்குளம் பக்கம் சாயங்காலம் காற்று வாங்க நன்றாக இருக்கிறது. குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

விருந்தாளிகள் வருவார்கள், நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். தஞ்சாவூரில் வீடு என்றாலே பெரியகோயில் பார்க்க வருவார்கள். பிரதோஷத்தன்று அழைத்துப் போகாதீர்கள், நந்தியைச் சுற்றி நிற்கக்கூட இடம் இருக்காது. மதியம் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறக்கும், வெயிலில் கல் தரை கால் வைக்க முடியாமல் காய்ந்திருக்கும். காலையில் ஏழு மணிக்குக் கிளப்பி நடந்தே கூட்டிப் போய்விட்டு, வரும் வழியில் டிபனை முடித்துவிடுங்கள். கார் எடுக்க வேண்டாம் என்று முதல் நாள் இரவே சொல்லிவிடுங்கள்.